அற்கைலேற்றம்: போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு

சேதன இரசாயனத்தைக் கற்கப் புகும் மாணவன் தொடக்கத்திலேயே சந்திக்கும் சேர்வைகளுள் அற்கைல் ஏலைட்டுக்கள் குறிப்பிடத்தக்கவை. இவற்றில் காபன் அணுவொன்று குளோரீன், புரோமீன், அயடீன் போன்ற அலசன் ஒன்றுடன் பிணைந்துள்ளது. அலசன் இலத்திரன்களைத் தன்பால் இழுப்பதனால் காபன் ஓரளவு நேரேற்றம் பெறுகின்றது. பிணைப்பிற்கு வழங்கத்தக்க இலத்திரன் சோடியையுடைய கருநாடி அக்காபனைத் தாக்க, அலசன் ஏலைட்டு அயனாக வெளியேறுகின்றது. எதைல் புரோமைட்டும் அமோனியாவும் தாக்கமுற்று எதைலமீன் உண்டாவது இவ்வாறே. அற்கைல் கூட்டமொன்று பிறிதொரு மூலக்கூற்றுடன் இணையும் இச்செயலே அற்கைலேற்றம் எனப்படும்.

குடுவையினுள் நிகழும் இத்தாக்கம் உயிர்க்கலத்தினுள் நிகழின் யாது விளையும்? இவ்வினாவிற்கு முதல் விடையை அளித்தது ஆய்வுகூடமன்று, போர்க்களமே.

1917 யூலையில், பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே, செருமானியப் படை கடுகு வாயுவை முதன்முதலாகப் பிரயோகித்தது. இதன் மூலக்கூற்றில் கந்தக அணுவின் இருபுறத்தும் முனையிற் குளோரீனைக் கொண்ட இரு புயங்கள் உள்ளன. கந்தகம் தன் இலத்திரன் சோடியால் அண்மைப் புயத்தின் காபனைத் தாக்கிக் குளோரைட்டை வெளியேற்றுகின்றது. அதனால் உண்டாகும் மூவணு வளையம் இறுக்கமுடையது. எனவே கருநாடிகளால் எளிதில் திறக்கப்படுவது. டி.என்.ஏ.யிலுள்ள குவனீனின் நைதரசன் அத்தகைய ஒரு கருநாடியாகும். இரண்டாம் புயமும் இவ்வாறே தாக்கமுற்றால், டி.என்.ஏ.யின் ஈரிழைகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்படலாம். இழைகள் பிரியாவிடின் கலம் பிரிய இயலாது.

விரைந்து பிரியும் கலங்களே இதனாற் பெரிதும் அழிகின்றன. வாயுவினாற் பாதிக்கப்பட்டோரின் வெண்குழியங்கள் அருகியிருந்தமையை அமெரிக்க மருத்துவர் குறும்பார் 1919 இல் வெளியிட்டார். கந்தகத்திற்குப் பதிலாக நைதரசனைக் கொண்ட ஒத்த சேர்வையொன்றை, யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் ஆராய்ந்தனர். 1942 இல் நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்கு அது வழங்கப்பட்டது. கட்டி விரைவிற் சுருங்கியது. எனினும் நோய் மீண்டது. போர்க்கால இரகசியம் காரணமாக இம்முடிவு 1946 வரை வெளிவரவில்லை. மருத்துவ உலகிற்கு உரித்தான அறிவை இராணுவம் நான்கு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

பின்வந்தோர் மூலக்கூற்றின் வேகத்தைத் தணிக்க முயன்றனர். மெல்பலானில் நைதரசனுடன் பென்சீன் வளையம் இணைந்துள்ளது. அது இலத்திரன் சோடியைத் தன்பால் ஈர்ப்பதால் தாக்கம் மந்தமாகின்றது. சைக்குளோபொசுபமைட்டு ஈரலில் மாற்றமுற்ற பின்னரே செயற்படுகின்றது. ஆயினும் நோயுற்ற கலத்தை மாத்திரம் தெரிந்து தாக்கும் ஆற்றல் இவற்றிற்கு முழுமையாக இல்லை. என்பு மச்சையும் மயிர்க்கலங்களும் பாதிப்புறுகின்றன. சிகிச்சையே பிற்காலத்திற் பிறிதொரு புற்றுநோய்க்குக் காரணமாதலும் உண்டு.

இரசாயன ஆயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997 இலேயே நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில், 1980 களின் ஈரான்-ஈராக் போரிலும் கடுகு வாயு வீசப்பட்டது. கருநாடி காபனைத் தாக்கும் விதி ஈப்பரிலும் மருத்துவமனையிலும் ஒன்றே. அவ்விதி யாருடைய தேவைக்காக, யாருடைய கட்டுப்பாட்டிற் பயன்படுத்தப்படுகின்றது என்பதை இரசாயனம் தீர்மானிப்பதில்லை, சமூகமே தீர்மானிக்கின்றது.