வேர்டு கோப்பு மின்னூலாவது எப்படி?

வேர்டில் கச்சிதமாகத் தெரிந்த கதை, கைப்பேசியில் மின்னூலாகத் திறந்ததும் ஏன் கலைந்துபோகிறது?

வேர்டு தாளுக்காகப் பிறந்தது. ஏ4 பக்கத்தின் அகலத்தைக் கணக்கிட்டு வரிகளை அடுக்கும். வழக்கமான 'இபப்' மின்னூலுக்கோ நிலையான பக்கமே கிடையாது. திரையின் அகலத்துக்கும் வாசகர் வைத்திருக்கும் எழுத்தளவுக்கும் ஏற்ப வரிகள் இடம் மாறி அமரும்.

உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள்தான். இரண்டுமே ஜிப் பொட்டலங்கள். வேர்டின் 'டாக்எக்ஸ்' கோப்புக்குள் இருப்பவை எக்ஸ்எம்எல் கோப்புகள். இபப்புக்குள் வலைப்பக்கத்தை ஒத்த எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளும், தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸும் இருக்கின்றன. காலிபர் போன்ற இலவச மென்பொருள் முதலாவதைப் படித்து இரண்டாவதாக எழுதிக் கொடுக்கிறது.

சிக்கல் தட்டச்சில் தொடங்குகிறது. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் நம் கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கு வெறும் தடித்த வரி. 'ஹெடிங் 1' பாணியைக் கொடுத்திருந்தால் பொருளடக்கம் தானாகவே உருவாகும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளிய வரியோ, சின்னத் திரையில் எங்கோ போய் நிற்கும்.

தமிழுக்கு இன்னொரு படி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு காலிபரைத் திறவுங்கள்.