அந்த ஒரு ‘னா’

கடையநல்லூரில் இரவு பத்தரை என்றால் துபாயில் ஒன்பது. வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, அறையில் மற்றவர்கள் தூங்குவதற்குள் ஊருக்குப் பேசிவிட வேண்டும். அந்தப் பக்கம் மனைவியிடமிருந்து “ம்” மட்டுமே வந்தால் நேற்றைய சண்டை தீரவில்லை.

ஊரிலேயே இருப்பவனுக்கு வழிகள் உண்டு. மல்லிகைப்பூவோடு வீடு திரும்பலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடமாடலாம். சீசன் என்றால் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், பார்டர் புரோட்டா வாங்கிக் கொடுத்து, வாயே திறக்காமல் தப்பித்துவிடலாம். கடல் தாண்டியவனுக்கு இருப்பது வாய் மட்டும். இந்த ஊருக்கு அது புதிதல்ல. இங்கிருந்து போனவர்கள் 1941லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைத்தவர்கள். அன்று கடிதம், பிறகு கேசட், இன்று போன்.

ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் மாமியார். “அனுப்புற காசெல்லாம் எங்கட்டி போவுது?” என்று கேட்டுவிட்டான். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகப் பணம் அனுப்பினான். காசால் பட்ட காயத்துக்குக் காசே மருந்தாம்! அதற்கும் “ம்”தான். அப்புறம், “நான் சொன்னது தப்புன்னா ஸாரி.”

அந்த ‘னா’தான் வில்லங்கம். தப்பா இல்லையா என்று நிரூபிக்கும் வேலையை அவள் தலையில் கட்டிவிடுகிறது.

வள்ளுவர் தம் நூலை முடித்ததே ஊடலில்தான்: 131 முதல் 133 வரை மூன்று அதிகாரங்கள், முப்பது குறள். அதில் ஒருத்தி, கணவன் தணிக்க வந்தாலும் சீறுகிறாள்: மற்ற பெண்களிடமும் இப்படித்தான் குழைவாயோ! சரளமாக வரும் சமாதானம் அன்றைக்கே சந்தேகத்துக்குரியது. அங்கே ஊடல் தணிப்பதற்கு உள்ள சொல் உணர்த்துதல். கெஞ்சுதல் அல்ல. உணர்த்த வேண்டுமென்றால் தனக்கு முதலில் உறைத்திருக்க வேண்டுமே.

“அம்மா முன்னால ஒன்ட்ட கணக்குக் கேட்டது தப்பு.” இவ்வளவுதான். ‘னா’ இல்லை. “ஆனா நீயும்...” என்று வாய் போகுமானால், சிக்னல் போய்விட்டதென்று துண்டித்துவிடுவது உத்தமம்.

ஸ்பீக்கரில் விழுந்த அவமானத்துக்குத் தனியறையில் கேட்கும் மன்னிப்பு பாதிதான். மறுநாள் அதே ஸ்பீக்கரில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்: “அவள நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா.” மாமியார் பதில் பேசமாட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் ஒரு நொடி நிற்கும்.

அன்று இரவு “சாப்பிட்டீங்களா மச்சான்?” என்று வரலாம். வராவிட்டால், மறுநாளும் ஒன்பது மணிக்குக் கூப்பிட வேண்டியதுதான்.