ஊவா மலைகளின் முதிய தேயிலை

ஸ்பெயின் தேசத்துப் பிரியோராட் மலைச்சாரல்களில், நொறுங்கிய பலகைக்கற்களுக்கிடையே வேரை ஆழச் செலுத்தி நெடுங்காலமாக நிற்கும் திராட்சைக் கொடிகள் சொற்பமாகவே காய்க்கின்றன; ஆயினும் அச்சொற்பத்திலிருந்து வடிக்கப்படும் செந்நிற மதுவுக்கு உலகச் சந்தையில் உயர்ந்த கௌரவம் உண்டு. விளைவு குறுகக் குணம் செறியும் இந்த அதிசயம், இலங்கையின் ஊவாவில் பதுளையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் ரயில் பாதையின் இருமருங்கிலும், தேயிலையின் ரூபத்தில் நம்மிடமே இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலே தன் நீர்ப்பாரத்தை இறக்கிவிட்டு, மத்திய மலைத்தொடரைக் கடந்து ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரமற்ற காற்றாகிவிடுகிறது. கச்சான் என்று வழங்கும் அக்காற்று ஜூலை முதல் செப்டம்பர் வரை செடிகளை வாட்டியெடுக்க, கொழுந்து தயங்கித் தயங்கியே துளிர்க்கிறது. அந்த வாட்டத்தினாலேயே, நோவுத் தைலங்களில் நாம் முகரும் மெத்தில் சாலிசிலேட் முதலிய வாசனைப் பொருள்கள் இலையிலே செறிந்து, வேறெந்த மலைக்கும் வாய்க்காத குளிர்ந்த நறுமணத்தை ஊவாத் தேயிலைக்கு அளிக்கின்றன.

1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை நாசமாக்கிய பின்னர், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் விதையிட்டு வளர்த்த தேயிலையின் எச்சங்கள் இன்னும் பல மலைகளில் நிற்கின்றன. வெட்டுத்தண்டிலிருந்து வளர்க்கப்படும் பிற்காலத்து வி.பி. தேயிலை அதிகக் கொழுந்து தரும் என்பது மெய்யே; ஆனால் விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு, அது சரிவிலே மண்ணைப் பற்றிக்கொண்டு வறட்சியையும் தாங்கி நிற்கும். விளைச்சலை மாத்திரம் கணக்கிட்டு அதைப் பிடுங்கியெறிவது விவேகமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

இம்மண்ணை இரசாயனமின்றிப் பேணலாம் என்பதற்கு, 1980-களின் பிற்பகுதியிலேயே இயற்கை வேளாண்மைக்கு மாறிய இதல்கஸ்ஹின்னத் தோட்டம் சாட்சி. கவ்வாத்து வெட்டிய தழையை மலையிலேயே மட்கவிடுவதும், கூட்டெரு இடுவதும், களையைக் கையால் அகற்றுவதும் இம்முறையின் ஜீவநாடி. ஆதலால் இதற்கு ஆட்களும் அதிகம், பொறுமையும் அதிகம். 2021-இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தடையை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பக்குவப்படுத்த வேண்டிய மண்ணை ஓர் ஆணையினால் மாற்றிவிட முடியாது.

இயற்கைத் தேயிலைக்கு அத்தாட்சிப் பத்திரம் தருவோர் மண்ணைச் சோதிக்கின்றனர். அம்மண்ணின் மேல் கூடை சுமப்பவள் எந்த லயத்திலே உறங்குகிறாள் என்பதும் அதே சிரத்தையோடு சோதிக்கப்பட வேண்டும். 2014 அக்டோபர் 29-ஆம் திகதி, கொஸ்லாந்தைக்கருகே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்களை மனிதரோடு புதைத்ததைப் பதுளை மாவட்டம் மறக்கவில்லை. மலையைக் காப்பது என்றால் அதில் வாழ்வோரையும் சேர்த்தே காப்பது. இயற்கைத் தேயிலைக்குக் கிடைக்கும் அதிக விலையில் ஒரு பங்கு, ஆபத்தில்லாத நிலத்தில் தொழிலாளருக்குச் சொந்த வீடாக மாற வேண்டும் என்று விற்போரையும் வாங்குவோரையும் ஒருங்கே வேண்டிக்கொள்கிறேன்.