இருதயத்தில் ஒரு துவாரம்

"குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை" என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் முதற்கேள்வி, "யார் செய்த பாவமோ?" என்பதுதான். கர்ப்பிணியாய் இருந்தபோது கிரகணத்தைப் பார்த்துவிட்டாள் என்று தாயின் மேல் பழி விழும். பாவமும் காரணமல்ல, கிரகணமும் காரணமல்ல.

அன்புத் தோழியரே, பிறக்கும் முன் நம் எல்லோருடைய இருதயத்திலும் ஒரு துவாரம் இருந்தது! கருவிலுள்ள சிசு மூச்சு விடுவதில்லை. பிராணவாயு தொப்புள்கொடி வழியே வருகிறது. ஆகவே இரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல், மேலறைகளுக்கு இடையேயுள்ள சிறு வழியாகக் குறுக்கே சென்றுவிடுகிறது. பிறந்து, முதல் மூச்சை இழுத்து அழுதபின் அவ்வழி மூடிக்கொள்கிறது. சிலருக்கு மூடுவதில்லை. வேறு சிலருக்கோ கருவின் முதல் எட்டு வாரங்களில், இருதயம் உருவாகும்போதே தடுப்புச்சுவரில் குறை நேர்ந்துவிடுகிறது. ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருதயத்தில் ஏதேனும் பிறவிக்குறை உண்டு.

பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. தெரிந்த காரணங்களுள் ஒன்று, கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா காய்ச்சல். 2017இல் தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, அதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று.

பால் குடிக்கும்போதே குழந்தைக்கு நெற்றி வியர்த்து மூச்சு வாங்குதல், எடை ஏறாமை, அடிக்கடி நெஞ்சுச்சளி ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அத்தகைய நீலக் குழந்தைகளுக்கு வழி கண்டவர் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஹெலன் டாசிக். அவருக்குக் காது சரியாகக் கேளாது. விரல் நுனிகளால் குழந்தைகளின் இருதயத் துடிப்பை உணர்ந்தார். அவர் கூறிய யோசனைப்படி, 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரில் ஆல்பிரட் பிளாலக் ஒரு பெண் குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அந்த வழியில் பின்னர் ஏராளமான குழந்தைகள் பிழைத்தனர். நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இத்துறையில் முன்னோடி. இன்று வேலூர் வரை போக வேண்டியதில்லை. அம்பத்தூரை அடுத்த முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனிலேயே குழந்தைகளுக்கு இருதய அறுவை செய்கிறார்கள். சில துவாரங்களை மார்பைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியே சிறு மூடியைச் செலுத்தியே அடைத்துவிடுகின்றனர்.

இவ்வளவு இருந்தும், பெண் குழந்தை என்றால் சில வீடுகளில் தயக்கம். "மார்பில் தழும்பு விழுமே, நாளைக்குக் கலியாணம் ஆக வேண்டாமா?" என்கிறார்கள். தழும்பு ரவிக்கைக்குள் மறைந்துவிடும். பெரிய துவாரத்தை ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் கெட்டு, பின்பு துவாரத்தை அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். இதைப் பெற்றோர் அறிய வேண்டும்.

2013 முதல் ஒரு மத்திய அரசுத் திட்டத்தின்கீழ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மாணவியரைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சீட்டு எழுதித் தந்தால், பயந்து அதை நோட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். குழலில் கேட்கும் இரைச்சல் பல பிள்ளைகளுக்கு ஒரு நோயே அல்ல. எக்கோ பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும். அதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சீட்டை அன்று மாலையே அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.