சலவைக்கல்லும் புளியும்

வடநாட்டு நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர் பலருடைய இல்லங்களில் தரையும் அடுக்களை மேடையும் வெண்ணிறச் சலவைக்கல்லால் ஆனவை. குடிவந்த புதிதில் கண்ணாடியெனத் திகழும் அத்தரை, சில மாதங்களில் ஆங்காங்கே ஒளியிழந்து மங்கிவிடுவதுண்டு. எத்துணை தேய்த்தாலும் அம்மங்கல் அகல்வதில்லை. அது அழுக்கு அன்று. கல்லே அரிக்கப்பட்டதன் அடையாளம். இதனை விளங்கிக்கொள்ள, அக்கல்லின் பிறப்பையும் இயல்பையும் சற்றே அறிதல் வேண்டும்.

சலவைக்கல் பிறப்பால் சுண்ணாம்புக்கல்லே. பன்னெடுங்காலத்துக்கு முன் நீரடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமுற்று, நெருங்கிய படிகங்களாக உருப்பெறுகின்றது. அதுவே சலவைக்கல். வேற்றுப்பொருட் கலப்பு மிகக் குறைந்திருப்பின் தூய வெண்மை பெறும். ஒளி அதன் மேற்பரப்பில் சிறிது ஊடுருவித் திரும்புவதால், உள்ளிருந்தே ஒளிர்வதுபோலத் தோன்றுகின்றது.

இராஜஸ்தானத்து மக்ரானா இக்கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். 1632-ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற தாஜ்மகாலும், 1921-இல் திறக்கப்பெற்ற கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபமும் மக்ரானாக் கல் போர்த்தவை. அவற்றுக்கும் முற்பட்டது ஆபு மலையிலுள்ள தில்வாராச் சமணக் கோயில். 1031-இல் எழுந்த அதன் விதானங்களில், கல்லை மலரிதழ்போல் மெலிதாகச் செதுக்கியுள்ளனர் சிற்பியர்.

அத்துணை நுண்ணிய வேலைக்கு இடங்கொடுத்தது அக்கல்லின் மென்மையே. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலில் சலவைக்கல் ஏறத்தாழ 3. மணலில் மிகுந்துள்ள குவார்ட்ஸ் 7. ஆதலின் காலடியில் ஒட்டிவரும் மணலே அதனைக் கீறிவிடும். இதனினும் பெரும்பகை புளிப்பு. சுண்ணாம்புச் சத்து அமிலத்தைச் சந்தித்தவுடன் கரியமில வாயு வெளிப்பட, கல் கரைகின்றது.

தமிழ்நாட்டு அடுக்களையில் இவ்வச்சம் இருந்ததில்லை. நம் அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல். தலைமுறை தலைமுறையாகப் புளி அரைத்தும் அவை பழுதுற்றதில்லை. அப்பழக்கத்திலேயே சலவைக்கல் தரையில் அமர்ந்து, குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குகின்றோம். விளக்குப் பளபளக்கின்றது; தரை மங்குகின்றது. எலுமிச்சை, தயிர், இரசம், காடி, கழிப்பறைக்குரிய திராவகம் ஆகிய யாவும் இத்தகையனவே.

வீட்டுத்தரைக்கு நேர்வது மாபெரும் கட்டடத்துக்கும் நேரும். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக வாயு ஈரத்தோடு கூடி அமிலமாகிக் கல்லை அரிக்கும். ஆதலின், 1996-இல் உச்ச நீதிமன்றம், தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியில் நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் இடம்பெயர வேண்டும் என ஆணையிட்டது. தாஜ்மகாலில் படிந்த மாசை அகற்றத் தொல்பொருள் துறையினர் கையாள்வதும் திராவகம் அன்று; முல்தானி மண்ணே. அதனைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் நீரால் கழுவுகின்றனர்.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியன. முதலில் துடைப்பத்தால் மணலைப் பெருக்குக; பின்னர் ஈரத்துணியால் துடைக்குக. வேண்டின் காரமற்ற சோப்பைச் சிறிதளவு கலக்கலாம். புளிப்பான பொருள் சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, நீரால் துடைக்க வேண்டும். பாத்திரம் துலக்குவதைத் தொட்டியிலோ, தாம்பாளத்தின்மீதோ வைத்துக்கொள்க. விளக்கின்கீழ் ஒரு தட்டும், எரிவாயு உருளையின்கீழ் ஒரு பலகையும் இருத்தல் நலம். எண்ணெய்க் கறையும் துரு வளையமும் கல்லின் நுண்துளைகளில் இறங்கிவிடும். எண்ணெய்க் கறைக்கு முல்தானி மண்ணைக் குழைத்து அப்பி, உலரவிட்டு எடுத்துப் பார்க்கலாம். கடையில் விற்கும் காப்புப் பூச்சு, கறை இறங்குவதைத் தாமதப்படுத்துமேயன்றிப் புளிப்பின் அரிப்பைத் தடுக்காது.

முன்னரே மங்கிய இடத்தைச் சோப்பு மீட்காது. கல்லுக்கு மெருகேற்றும் தொழிலாளர் அதனை மீண்டும் இழைத்து மெருகிட வேண்டும். அதற்காகும் செலவை எண்ணின், வாடகை வீட்டில் இருப்போருக்கு இவ்வெச்சரிக்கை சிறிதன்று. பெயரில் சலவை உண்டெனினும், எல்லாச் சலவையையும் தாங்கும் கல் அன்று இது.