பெரிய டயரும் உயரும் வண்டியும்

சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய டயர்களைப் போட்டு, அந்த டயருக்கு இடம் வேண்டி வண்டியையே தூக்கி நிறுத்தும் வழக்கம் அமெரிக்காவில் வெகுவாகப் பரவிய ஒன்று. ஐஸ்லாந்து நாட்டில் 38 அங்குலம், 44 அங்குலம் என்ற அளவில் டயர்களைப் போட்டு, காற்றையும் குறைத்துக்கொண்டு, உறைபனியின் மேல் புதையாமல் ஓட்டுகிறார்கள். எடை மாறாமல் தரையைத் தொடும் பரப்பு மட்டும் கூடினால் அழுத்தம் குறையும் என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். இப்போது அந்த ஆசை நம் பக்கத்துப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது.

ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றி வருகிறவர் என் மாமா. மண் பாதையின் நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கிறது என்பது அவர் குறை. "மாப்ளே, நீ பௌதிகம் படிக்கிறவன்தானே, வண்டியை நாலு அங்குலம் தூக்கலாமா, சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே ஆகையால், இத்தகைய கேள்விகள் என்னிடம்தான் வந்து சேரும். பட்டறைக்காரர் அவரிடம் பல வழிகளைச் சொல்லியிருந்தார். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியல்தான் பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அச்சு சக்கரத்தின் மையத்தில் இருக்கிறது; சக்கரத்தின் ஆரம் கூடினால்தான் அது உயரும். ஆக, அச்சைத் தூக்குவது டயர். வண்டியைத் தூக்குவது அந்த டயருக்கு இடம் கொடுப்பதற்கே.

எவ்வளவு உயரும்? டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 215 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 75 விழுக்காடு, உள்ளே இரும்பு வளையம் 15 அங்குலம். கணக்கிட்டால் விட்டம் 703.5 மி.மீ. வரும். இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733.5 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ.; ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டுமே. 31 அங்குல டயரே போட்டாலும் அச்சு 42 மி.மீ.தான் உயரும். நான்கு அங்குலம் தூக்கிய வண்டியைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை!

இனித் தூக்கும் வழிகள். ஒன்று, சேஸிஸுக்கும் மேல்கூட்டுக்கும் நடுவே கட்டைகளை வைத்து, கேபினையும் தொட்டியையும் மட்டும் உயர்த்துவது. சேஸிஸ், எஞ்சின், ஸ்பிரிங் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்டீயரிங் தண்டு, டீசல் ஊற்றும் குழாய், கியர் கம்பி இவை நீளம் பற்றாமல் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தோற்றம் சற்று அசிங்கமாகத்தான் இருக்கும்.

மற்றவை ஸ்பிரிங்கைச் சார்ந்தவை. லீஃப் ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பிளேட் சேர்க்கலாம். ஸ்பிரிங் மாறிலி கூடும், பாரம் தாங்கும், ஆனால் காலி வண்டி குதிரைபோல் குதிக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளை நீளமாக்கலாம். அச்சு ஸ்பிரிங்கின் நடுவில் இருப்பதால் 50 மி.மீ. நீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 25 மி.மீ.தான், அச்சும் சிறிது சாய்ந்துவிடும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து நீண்ட யூ போல்ட் போடுவது மிக மலிவான வழி. ஆனால் கட்டை உயர உயர, அச்சின் முறுக்கு விசை ஸ்பிரிங்கை வளைத்து முறுக்கும். முன் அச்சுக்கு இதைச் செய்யவே கூடாது. பிரேக் விசையின் பெரும்பங்கு அங்கேதான் விழுகிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பாரத்தோடு வண்டி பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் முழுதும் அமுங்கி, அச்சு சேஸிஸில் உள்ள ரப்பர் கட்டையில் போய் முட்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் ரப்பர் கட்டை பழைய இடத்திலேயே இருந்தால், அந்த நொடியில் சக்கரம் பழைய உயரத்திற்கே வந்துவிடும். அப்போது பெரிய டயர் மட்கார்டில் உரசும். வீட்டு வாசலில் காலியாக நிற்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரிவதை நம்பிப் பயனில்லை. ரப்பர் கட்டையையும் அதே அளவு கீழிறக்கினால் ஒழிய உரசல் தீராது. மேல்கூட்டை உயர்த்தும் முறையில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. வெறும் டயருக்கு இடம் வேண்டும் என்பவருக்கு, அசிங்கமான அந்த முதல் வழியே பௌதிகப்படி நேர்மையானது என்பேன்.

பெரிய டயருக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. 703.5-க்குப் பதில் 31 அங்குலம், அதாவது 787 மி.மீ. என்றால் விகிதம் 1.12. முள் 60 கி.மீ. காட்டும்போது வண்டி 67-ல் ஓடும். எஞ்சினின் அதே திருப்புத்திறனில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை 11 விழுக்காடு குறையும். மலை ஏறும்போது இது தெரியும். பிரேக்கும் அதே அளவு தளரும். மலை இறங்கும்போது அது தெரியும்.

கவிழ்வதைப் பற்றியும் ஒரு கணக்கு. இரு சக்கரங்களுக்கு இடையே அகலம் 140 செ.மீ., சரக்கோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 100 செ.மீ. என்று கொள்வோம். பக்கவாட்டில் 35 பாகை சாய்ந்தால் வண்டி கவிழும். மையம் 10 செ.மீ. உயர்ந்தால் 32.5 பாகையிலேயே கவிழும். 30 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் கவிழும் வேகம் ஏறத்தாழ 52 கி.மீ.யிலிருந்து 49-க்கு இறங்கும். மூன்று கி.மீ.தானே என்று தோன்றலாம். ஸ்பிரிங்கும் டயரும் நசுங்குவதை இக்கணக்கு சேர்க்கவில்லை. உண்மை எல்லை இதற்கும் கீழேதான்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தம் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு எப்.சி.யில் வண்டி நின்றுபோவதும், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிப்பதும் அபராதத்தைவிடப் பெரிய அடி.

ஆகவே மாமாவிடம் நான் கேட்டது, "அடியில் எது இடிக்கிறது?" என்பதுதான். இருவரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். டிபரன்ஷியல் உருண்டையில் புதிய கீறல் ஏதுமில்லை. தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் தாங்கியும் சைலன்சரும்தான் தேய்ந்திருந்தன. இவை சேஸிஸோடு சேர்ந்தவை. ஸ்பிரிங் தளர்ந்தால் இவையும் தாழும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்திச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தபோது, பின்பக்கம் இடப்புறம் வலப்புறத்தைவிட 3 செ.மீ. தாழ்ந்திருந்தது. எட்டு வருட பாரத்தில் பிளேட்டுகள் வளைவை இழந்திருந்தன. அவற்றுள் ஒன்று விரிசலும் கண்டிருந்தது.

விரிசல் விட்ட பிளேட்டை மாற்றி, மற்றவற்றைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி, தேய்ந்த ரப்பர் கட்டைகளையும் புதிதாகப் போட்டார். டயர் பழைய அளவுதான். யூ போல்ட்டுகளை மட்டும் ஒரு வாரம் பாரத்தோடு ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடம் விடும்.