‘வளையலை எடுத்தது நீதானே?’

அரிசி டின்னுக்குள், பழைய சேலைக் கிழிசலில் சுற்றி இருந்தன இரண்டு வளையல்களும். "என் வளையலைத் திருடி அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டா" என்று மூன்று நாளாகத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார் மாமியார். ஒளித்துவைத்தது அவர்தான். வைத்த இடம் மட்டுமல்ல, வைத்ததே அவருக்கு ஞாபகமில்லை. "அத்தை, இந்தாங்க உங்க வளையல்" என்று மருமகள் நீட்டியபோது, "பார்த்தியா, பயந்துபோய்க் கொண்டுவந்துட்டா" என்றார். அன்று அந்த மருமகள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதார்.

எனக்கு மிக நெருக்கமான வீட்டில் நடந்தது இது. டிமென்ஷியா எனும் மறதிநோய் நுழைந்த பல வீடுகளுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டு மனிதர்கள்தான். அதிலும் மனைவி, மகள், மருமகள்.

மறதியை விடப் பெரிய பாரம்

பேரன் பெயர் மறந்துபோனால் எடுத்துச் சொல்லிவிடலாம். கிழமை தெரியாவிட்டால் பெரிய நஷ்டமில்லை. பார்த்துக்கொள்பவரை நிலைகுலைய வைப்பது, நோயோடு சேர்ந்து வரும் நடத்தை மாற்றங்கள். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "எனக்குச் சோறே போடல" என்பது, குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருவது, நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறப்பது, ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்பது. குடும்பத்தினரின் மனச்சோர்வுக்கு மறதியை விட இவையே முக்கியக் காரணம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

திருட்டுப் பழி எப்படி வருகிறது? வளையலைக் காணோம். தான் எடுத்துவைத்த நினைவு மூளையில் பதியவே இல்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருப்பது யார்? சோறு ஊட்டி, கால் கழுவிவிடும் மருமகள். யார் அதிகம் பார்த்துக்கொள்கிறாரோ அவர்மேலேயே பழி விழுவது இதனால்தான். பொழுது சாயும் நேரத்தில், ஐம்பது வருடம் வாழ்ந்த வீட்டில் நின்றுகொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடிப்பதும் நோயின் வேலையே. வேண்டுமென்று செய்வதல்ல.

இது புரிந்தாலும் வலி போய்விடாது. தூக்கம் கெட்ட உடம்பு ஒரு நாள் கத்திவிடும். கத்திய அடுத்த நிமிடம், "நோயாளிகிட்டப் போய் இப்படிப் பேசிட்டேனே" என்ற குற்றவுணர்வு அறுக்கும். இதற்கு நடுவே, சென்னையிலிருந்து வரும் நாத்தனார் முன்னால் அம்மா தெளிவாகப் பேசிவிடுவார். விருந்தாளி முன்பு கொஞ்ச நேரம் சுதாரித்துக்கொள்வது இந்நோயில் சகஜம். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அண்ணி?" என்று கேட்டுவிட்டு அவர் ஊருக்குப் போய்விடுவார். திருடி என்ற பட்டத்தை விட அந்தக் கேள்வி அதிகம் சுட்டது என்றார் அந்த மருமகள்.

கோவா காட்டிய வழி

2008-இல் வெளியான கோவா ஆய்வு ஒன்று எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. 81 குடும்பங்கள் பங்கேற்றன. பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஆறு மாதம் வீடு தேடிப் போய், நோயை விளக்கி, நடத்தைகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மனம்விட்டுப் பேசவும் வைத்தார்கள். நோயாளிகளின் நடத்தையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால், அந்த நடத்தையால் குடும்பத்தினர் படும் வேதனை குறைந்தது, மனநலம் மேம்பட்டது. நோயைத் தீர்க்க முடியாவிட்டாலும், பார்த்துக்கொள்பவரைக் காப்பாற்ற முடியும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பழி சுமத்தினால் வாதாடாதீர்கள். "வாங்க, சேர்ந்து தேடலாம்" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒளித்துவைக்கும் இடங்களைத் தெரிந்துவையுங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள். நேற்றுவரை இல்லாத மூர்க்கமோ குழப்பமோ திடீரென்று வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல், "செத்துப்போனால் தேவலை" என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அவருக்கும் சிகிச்சை வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வெளியூரில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது பழம் வாங்கி வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டு ராத்திரி அம்மாவின் அறையில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். அண்ணி அந்த இரண்டு ராத்திரியும் தூங்கட்டும்.